60 கெஜத்தில் நின்றுவிடும் வான்கோழிச் சேவல்: என்ன செய்யலாம்?

வணக்கம். இருப்பது பென்சில்வேனியா. வசந்தகாலக் காட்டு வான்கோழி வேட்டையில் இது எனக்கு இரண்டாவது சீசன். தொடர்ந்து நான்கு காலையாக ஒரே சேவல் என்னை ஏமாற்றுகிறது.

விடியும் முன் அது அடையும் மரத்திலிருந்து கூவும், பெட்டையின் குரலில் நான் கொடுக்கும் அழைப்புக்குப் பதிலும் சொல்லும். இறங்கி நேராக வரும். ஆனால் 60 கெஜத்தில் நின்று, தோகையை விரித்துக் காட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடும். தாடி (நெஞ்சில் தொங்கும் முடி போன்ற இறகுக் கற்றை) நன்றாகவே தெரிகிறது, அதனால் சட்டப்படி சுடக்கூடிய பறவைதான்.

துப்பாக்கி 12 கேஜ் பம்ப் (சிறு குண்டுகளைச் சிதறடிக்கும் ஷாட்கன்), ஃபுல் சோக் (சிதறலைக் குறைக்கும் குறுகலான குழல் முனை). அட்டையில் சுட்டுப் பார்த்தேன்: 35 கெஜம் வரை குண்டுகள் நெருக்கமாக விழுகின்றன, 40-இல் சிதறல். அதற்கு மேல் சுட்டுக் காயப்படுத்தி அனுப்ப மனமில்லை. வசந்தகாலத்தில் இங்கே பறவையைக் கூப்பிட்டுத்தான் வரவழைக்க வேண்டும், பதுங்கிப் பின்தொடரக் கூடாது. பின்தொடர்ந்தால் இன்னொரு வேட்டைக்காரர் என்னையே வான்கோழி என்று நினைத்துவிடும் ஆபத்தும் உண்டு. சீசனின் முதல் பாதி என்பதால் மதியம் 12-க்கு மூட்டை கட்டியாக வேண்டும்.

பெட்டைக் குரல் எழுப்பும் கருவிகளான பெட்டி அழைப்பான், ஸ்லேட் (பலகையில் குச்சியை உரசுவது) இரண்டையும் மாற்றிப் பார்த்தேன். அழைப்பைக் குறைத்தேன். பெட்டைப் பொம்மையை 20 கெஜத்தில் வைத்தேன். அதைப் பார்த்துத்தான், பெட்டை தன்னிடம் வரட்டும் என்று ‘நீ வா’ என நின்றுவிடுகிறதோ என்று சந்தேகம். நேற்று பொம்மை இல்லாமல் உட்கார்ந்தேன், அப்போதும் அதே கதை. எனக்கும் அதற்கும் நடுவில் சிறு ஓடை ஒன்று இருக்கிறது.

அடுத்த முறை இருட்டிலேயே ஓடையைக் கடந்து சேவல் இருக்கும் பக்கம் உட்காரட்டுமா, அல்லது இதே இடத்தில் அழைப்பை நிறுத்திவிட்டுக் காத்திருக்கட்டுமா?