பி.ஏ. சாரைப் பார்த்தீர்களா? சேலத்துக்காரர்களின் அனுபவங்கள்

செவ்வாய்ப்பேட்டை:
அஸ்தம்பட்டி ஆய்வு மாளிகை வாசலில் காலை ஆறு மணிக்கே போய் நின்றேன். அப்பா ஏற்காட்டு மலைமேல் வாத்தியார், அம்மாவுக்கு டயாலிசிஸ். இடமாறுதல் மனு. தலைவர் சிரித்தார், "பண்ணிடலாம் தம்பி" என்றார், தாளைப் பார்க்காமலே பின்னால் நீட்டினார். வாங்கிய அவருடைய உதவியாளர், அதாவது பி.ஏ., மட்டும் நின்று படித்தார். "வாரத்துக்கு எத்தனை தடவை?"

"ரெண்டு சார்."

மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மற்றவர்கள் மனுவெல்லாம் ரெக்சின் பைக்குள் போனது. சட்டைப் பைக்குப் போனால் வேலை நடக்கும் என்றார் பக்கத்தில் நின்ற கரைவேட்டி அண்ணன். மூன்றாவது வாரம் ஆர்டர் வந்தது. நன்றி சொல்லப் போகவே இல்லை. போன வருஷம் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அந்த முகம். அவர் பெயரே அப்போதுதான் தெரிந்தது.

ஒண்டிக்கடை:
சட்டைப் பையாவது ஒன்றாவது! ஏற்காடு கோடை விழா சமயம், எங்கள் ஊர் ரோட்டுக்காக நாற்பது பேர் கையெழுத்துப் போட்ட மனு. ஏரிப் பக்கம் காரை மறித்தோம். முன்சீட்டு உதவியாளர் பவ்யமாகத்தான் வாங்கினார். கார் நகரும்போது பார்க்கிறேன், மனுவை நாலாக மடித்து, கடகடவென்று ஆடிய கதவுக் கண்ணாடி இடுக்கில் சொருகுகிறார். உங்களுக்கு அதிர்ஷ்டம். அதைப் போய்க் குணம் என்று எழுதாதீர்கள்.

ரிடையர்டு ஸ்டெனோ:
இரண்டு பேருக்கும் சொல்கிறேன். கலைஞரின் உதவியாளர் சண்முகநாதன் முதலில் காவல்துறையில் மேடைப் பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் எடுத்தவர். அந்த எழுத்துச் சுத்தம்தான் அவரைக் கலைஞரிடம் கொண்டு சேர்த்தது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கூடவே இருந்தார். கலைஞர் 2018-ல் போனார், இவர் 2021 டிசம்பரில். காந்திக்கு மகாதேவ தேசாய் 1917 முதல் 25 வருஷம் எழுதினார், சிறைக்காவலிலேயே 1942-ல் உயிர் போனது. தலைவர் பேசியது நமக்குத் தெரியும். ராத்திரி உட்கார்ந்து அதை எழுதி முடித்தவனை யார் பார்த்தது?

ஒண்டிக்கடைத் தம்பி, காரை மறித்து மனுக் கொடுக்காதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள் நடக்கும், அங்கே கொடுத்து ரசீது வாங்குங்கள். மனு ஒரே பக்கம் இருக்கட்டும். கேட்பது என்ன என்பது முதல் வரியில் வர வேண்டும், செல் நம்பர் மேலேயே. கையெழுத்துகளைத் தனித்தாளில் இணையுங்கள். ஜெராக்ஸ் ஒன்று வீட்டில் இருக்கட்டும். இரண்டு மாதம் பொறுத்து, தேதி போட்டு நினைவூட்டுக் கடிதம். அப்புறம், பிள்ளைகளைச் சுருக்கெழுத்து படிக்க வையுங்கள்.

ஒண்டிக்கடை:
ரசீது மூன்று இருக்கிறது ஐயா. ரோடுதான் இல்லை.

செவ்வாய்ப்பேட்டை:
நான் மனு எழுதக் கேட்கவில்லையே ஐயா. அவர் வீடு சூரமங்கலத்தில்தானாம், போஸ்டரில் போட்டிருந்தது. வேலைக்குத் தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் போய் வந்திருக்கிறேன்.