தலை ஒட்டிய லெஸ் பாலா, புதிய எபிஃபோனா? நாளை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்

இடக்கைச் செல்வம் | வியாழன், இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். புளூஸும் பழைய ராக்கும் வாசிப்பதற்கு ஒரு சிங்கிள் கட் (உடலின் ஒரு பக்கம் மட்டும் வெட்டு உள்ள) மின் கிட்டார் தேடிக்கொண்டிருக்கிறேன். இணையச் சந்தையில் ஒருவர் தம்முடைய கிப்சன் லெஸ் பால் ஸ்டாண்டர்டை 1,600 சிங்கப்பூர் வெள்ளிக்குத் தருவதாகச் சொல்கிறார். அது கீழே விழுந்து, கம்பிகளை முறுக்கும் ஆணிகள் உள்ள தலைப்பகுதி உடைந்து, பிறகு ஒட்டப்பட்டதாம். படத்தில் ஒட்டு சரியாகத் தெரியவில்லை. இதை வாங்கலாமா, கிப்சனின் விலை குறைந்த வரிசையான எபிஃபோனில் புதியது ஒன்றை வாங்குவது நல்லதா? நாளை மாலைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார். இப்படி ஒன்று எனக்கு மறுபடியும் அமையாது. தயவுசெய்து விரைவாகச் சொல்லுங்கள்.

வால்வு வாசன் | வியாழன், இரவு 9.31

செல்வம், உங்களிடம் இருக்கும் ஆம்ப் (ஒலிபெருக்கி) எது? வாசிப்பது வீட்டிலா, ஸ்டுடியோவிலா? மொத்தமாக எவ்வளவு செலவழிக்க முடியும்? இவை தெரியாமல் கிட்டாரைப் பற்றி மட்டும் பேசுவதில் பயனில்லை.

நீங்கள் விரும்பும் அந்த ஒலியில் பெரும்பங்கு ஆம்ப்பினுடையது என்பது என் உறுதியான எண்ணம். 1952-இல் வந்த லெஸ் பாலின் அந்தப் பழைய வடிவத்தைக் கிப்சன் 1960களின் தொடக்கத்தில் நிறுத்தியே விட்டது. 1966-இல் எரிக் கிளாப்டன் அந்தக் கிட்டாரை ஒரு மார்ஷல் ஆம்ப்பில் இணைத்து, ஒலியளவை நன்றாக உயர்த்தி வாசித்துப் பதிவு செய்த பிறகுதான் பலரும் அதைத் தேடத் தொடங்கினார்கள். 1968-இல் கிப்சன் அதை மீண்டும் தயாரித்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில், இரவு 10.30-க்குப் பிறகு அண்டை வீட்டாரின் உறக்கத்தையும் எண்ணி வாசிக்க வேண்டிய இடத்தில், 15 வாட் வால்வு ஆம்ப்பைக்கூட முழுமையாகத் திறக்க முடியாது. ஆகவே கிட்டாருக்கு 1,600 கொடுத்துவிட்டு ஆம்ப்புக்கு ஒன்றும் மிஞ்சாத நிலைக்கு வந்துவிடாதீர்கள்.

பன்னிரண்டு பார் | வியாழன், இரவு 9.50

சிங்கிள் கட் என்றவுடன் எல்லாரும் லெஸ் பாலுக்கே போய்விடுகிறோம். ஃபெண்டர் நிறுவனத்தின் டெலிகாஸ்டரும் சிங்கிள் கட்தான். புளூஸ் கலைஞர்கள் மடி வாட்டர்ஸும் ஆல்பர்ட் காலின்ஸும் கையில் வைத்திருந்தது அதுவே. லெட் செப்லினின் முதல் தட்டில் ஜிமி பேஜ் பெரும்பாலும் வாசித்ததும் டெலிகாஸ்டரைத்தான் என்பதைப் பலர் நம்பவே மாட்டார்கள். அதன் கழுத்து நான்கு திருகாணிகளால் உடலோடு பொருத்தப்பட்டிருக்கும்; தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திராது. கீழே விழுந்தாலும் லெஸ் பாலைப் போல எளிதில் முறியாது, முறிந்தாலும் கழுத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் கம்பியின் நீளம் வேறுபடும். டெலிகாஸ்டரில் அது 25.5 அங்குலம், லெஸ் பாலில் 24.75 அங்குலம். ஒரே பருமனுள்ள கம்பியைப் போட்டால் லெஸ் பாலில் இழுவை சற்றுக் குறைவாக இருப்பதால் சுரத்தை வளைத்து ஏற்றுவது எளிது. இப்போது எந்தக் கிட்டாரில் பழகுகிறீர்கள், கழுத்து பருமனாக இருந்தால் கை வலிக்குமா என்பதையும் சொல்லுங்கள்.

மரமும் தந்தியும் | வியாழன், இரவு 10.04

இந்த மன்றத்தில் பல ஆண்டுகளாக இதே கேள்விக்குப் பதில் எழுதி வருகிறேன். கேட்பவர்கள் பழைய பதில்களைப் படித்துவிட்டு வந்தால் அனைவருக்கும் நேரம் மிச்சமாகும். தம்பி, உமக்கு அடிப்படை தெரியவில்லை என்பதால் தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

லெஸ் பாலின் தலை ஏன் உடைகிறது? கழுத்து மஹோகனி மரத்தில் ஒரே துண்டாகச் செதுக்கப்படுகிறது. தலைப்பகுதி ஏறக்குறைய 17 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் மரத்தின் இழைகள் அந்த வளைவில் குறுக்காக அறுபட்டுப் போகின்றன. அதே இடத்தில்தான், கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே வைக்கும் உலோகத் தண்டான டிரஸ் ராடைத் திருப்புவதற்கான குழியும் தோண்டப்பட்டிருக்கிறது. ஆகவே நட்டுக்கு, அதாவது கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பதியும் பள்ளமிட்ட சிறு துண்டுக்கு, பின்னால் எஞ்சும் மரம் மிகக் குறைவு. அப்படிப்பட்ட இடத்தில் ஒருமுறை முறிந்ததை வாங்குவது அறிவுடைமை ஆகாது. மறுபடியும் அமையாது என்பது பதற்றத்தில் வரும் பேச்சு. சிங்கப்பூரில் லெஸ் பாலுக்கு என்ன பஞ்சம்? பெனின்சுலா கடைத்தொகுதியில் ஒரு மாலை நடந்தாலே போதுமே. உடையாத, எடை மிகுந்த, நல்ல மேப்பிள் மேற்பலகை உள்ள ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். ஒலியைத் தருவது மரம்.

தெம்பனிஸ் மீனா | வியாழன், இரவு 10.27

தந்தி ஐயா சொன்ன காரணம் சரி. ஆனால் முடிவை இவ்வளவு விரைவாக எடுக்க வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கிட்டார் பழுது பார்ப்பதை வீட்டிலிருந்தே செய்து வருகிறேன். உடைந்த தலை எல்லாம் ஒரே வகையல்ல.

இழையோடு இழையாக நீளமாகப் பிளந்து, இரு முகங்களும் சுத்தமாகப் பொருந்தி, மரப்பசையிட்டு அழுத்தி ஒட்டப்பட்டிருந்தால் பசை பிடிக்கும் பரப்பு மிகுதி. அந்த ஒட்டு பக்கத்திலுள்ள மரத்தைவிட உறுதியாக நிற்கும். அதுவே நட்டை ஒட்டிக் குறுக்காக, குட்டையாக முறிந்திருந்தால் பசை மட்டும் போதாது. பின்புறத்தில் பள்ளம் எடுத்து மரப்பட்டைகளைப் பதித்து வலுவூட்டியிருக்க வேண்டும். யாராவது அவசரத்தில் சூப்பர் குளூ ஊற்றியிருந்தால் விட்டுவிடுங்கள், ஏனெனில் அதை மறுபடி பிரித்துச் சரிசெய்வது மிகக் கடினம்.

நேரில் போனால் கைப்பேசி விளக்கைத் தலையின் பின்புறத்தில் பக்கவாட்டாகச் சாய்த்துப் பிடியுங்கள். ஒட்டின் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். நகத்தை அதன் குறுக்கே மெதுவாக இழுங்கள். விளிம்பு தட்டினால் ஒட்டு விலகத் தொடங்கியிருக்கலாம், வண்ணம் மட்டும் சுருங்கியிருக்கவும் கூடும். பிறகு கம்பிகள் முழு இழுவையில் எத்தனை நாளாக இருக்கின்றன என்று கேளுங்கள். விற்பவர் கம்பிகளைத் தளர்த்தி வைத்திருந்தால் அவரையே அங்கேயே ஏற்றச் சொல்லி, ஒரு மணி நேரமாவது வாசித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவைத்தால் பசை இளகக்கூடும் என்பதால் அந்தப் பழக்கம் அவருக்கு உண்டா என்பதையும் விசாரிக்கலாம்.

இன்னொன்று: அது எந்த ஆண்டில் செய்யப்பட்டது? 1977-க்கும் 2005-க்கும் இடைப்பட்டதாக இருந்தால், தலையின் பின்னால் குத்தப்பட்ட எட்டு இலக்க எண்ணில் முதலாவதும் ஐந்தாவதும் ஆண்டையும், இடையிலுள்ள மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் காட்டும். அந்த எண்ணின்மேல் புதிதாக வண்ணம் பூசியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

உட்லண்ட்ஸ் கபிலன் | வியாழன், இரவு 10.45

என் கருத்து ஜப்பான் பக்கம். டோக்காய், பர்னி, கிரெக்கோ ஆகிய பெயர்களில் அங்கே செய்யப்பட்ட பழைய சிங்கிள் கட் கிட்டார்கள் மிக நேர்த்தியானவை. வரவழைத்தால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் அனுப்பும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அங்கிருந்து ஆம்ப்பையும் வாங்கிவிடாதீர்கள், அங்கே மின்னழுத்தம் 100 வோல்ட், நமக்கு 230. புதிதாகவே வேண்டுமென்றால் பிஆர்எஸ் நிறுவனத்தின் எஸ்இ வரிசையில் சிங்கிள் கட் இருக்கிறது. அந்த வடிவத்துக்காகவே கிப்சன் வழக்குத் தொடுத்து, 2004-இல் பெற்ற தடை 2005-இல் மேல்முறையீட்டில் நீங்கியது என்பது நினைவிருக்கலாம்.

வால்வு வாசன் | வியாழன், இரவு 11.02

தந்தி அவர்களே, ஒலியைத் தருவது மரம் என்று நீங்கள் எழுதியதை அப்படியே விட்டுவிட என்னால் இயலவில்லை. மின் கிட்டாரில் ஆம்ப்புக்குப் போவது, கம்பிகளுக்குக் கீழே உள்ள காந்தச் சுருளான பிக்கப்பின் காந்தப்புலத்தில் கம்பி அசைவதால் உண்டாகும் மின்குறிப்பு. செத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப் 1957-இல் லெஸ் பாலுக்கு வந்தபோது அதன் உடலில் இருந்தது அதே மஹோகனியும் அதே மேப்பிளும்தான். ஆனாலும் அதற்கு முன்பிருந்த பி-90 பிக்கப்பின் ஒலி வேறு, ஹம்பக்கரின் ஒலி வேறு. புளூஸ் கலைஞர் ஃப்ரெடி கிங்கின் தங்கநிற லெஸ் பாலில் கேட்கும் அந்தக் கூர்மை பி-90-இன் கூர்மை. ஒலியளவுக் குமிழின் கீழுள்ள 500 கிலோ ஓம் மாறு மின்தடைக்குப் பதிலாக 250 கிலோ ஓம் மின்தடையை மாட்டிப் பாருங்கள், மேல்சுரங்கள் மங்குவது உடனே தெரியும். மரத்தை மாற்றி இவ்வளவு தெளிவான வேறுபாட்டை யாரும் எனக்குக் காட்டியதில்லை.

மரமும் தந்தியும் | வியாழன், இரவு 11.15

வாசன், கருவிப்பெட்டியைத் திறந்து ஓம் அளப்பவர்களுக்குக் காது பழகுவதற்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகும். கம்பி எவ்வளவு நேரம் ஒலித்து அடங்குகிறது, எந்த அதிர்வை உடல் உறிஞ்சிக்கொள்கிறது என்பவற்றை மரமும் கழுத்துப் பொருத்தும்தான் தீர்மானிக்கின்றன. கம்பியின் அசைவே மாறினால் பிக்கப் எதைப் பிடிக்கும்?

பன்னிரண்டு பார் | வியாழன், இரவு 11.24

இருவர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. ஆயினும் செல்வத்துக்கு நாளை மாலைதான் கெடு. பி-90 பற்றி ஒரு சொல்: ஒற்றைச் சுருள் என்பதால் வீட்டின் மின்கம்பிகளிலிருந்து வரும் இரைச்சலை அது அப்படியே எடுத்துக்கொள்ளும். ஹம்பக்கரில் எதிரெதிராகச் சுற்றப்பட்ட இரண்டு சுருள்கள் அந்த இரைச்சலை ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் பக்கத்தில் அமர்ந்து வாசிப்பவருக்கு அது சிறிய விஷயமல்ல.

தெம்பனிஸ் மீனா | வெள்ளி, காலை 6.40

செல்வம் தம்பி, ஆண்டு, ஆம்ப், செலவு, எதையும் நீங்கள் இன்னும் சொல்லவில்லை. மாலைக்குள் வேண்டுமென்றால் இப்போதே எழுதுங்கள்.

இடக்கைச் செல்வம் | வெள்ளி, காலை 7.55

மன்னிக்க வேண்டும், நேற்று இரவு வேலையில் இருந்தேன். 1999-இல் செய்யப்பட்டது என்கிறார். என்னிடம் 5 வாட் வால்வு ஆம்ப் இருக்கிறது, ஈசூனில் வீவக வீட்டில்தான் வாசிக்கிறேன். மொத்தம் 1,800 வெள்ளிக்கு மேல் முடியாது. நான் இடக்கைப் பழக்கம் உள்ளவன், விற்பனைக்கு வந்திருப்பதும் இடக்கைக் கிட்டார். என் பெயரிலேயே இருப்பதால் தனியாக எழுதவில்லை. பெனின்சுலாவில் மூன்று முறை ஏறி இறங்கிவிட்டேன். சுவர் நிறைய லெஸ் பால் தொங்குகிறது, அதில் எனக்கானது ஒன்றுகூட இல்லை.

உட்லண்ட்ஸ் கபிலன் | வெள்ளி, காலை 8.10

அப்படியானால் நான் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை விலக்கிக்கொள்ளுங்கள். அந்தப் பழைய ஜப்பானியக் கிட்டார்களில் இடக்கைக்கானவை மிக அரிது. எபிஃபோன் லெஸ் பாலும், எல்டிடி நிறுவனத்தின் இசி என்ற சிங்கிள் கட் வரிசையும் இடக்கைக்கு வருவதுண்டு. ஆனால் கடையில் கையில் எடுத்துப் பார்க்க முடியாது, முன்பணம் கட்டி வரவழைக்கத்தான் வேண்டியிருக்கும்.

மரமும் தந்தியும் | வெள்ளி, காலை 8.22

இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும் தம்பி. இருப்பினும் வழி இருக்கிறது. வலக்கைக் கிட்டாரைத் திருப்பிப் பிடித்துக் கம்பிகளை மாற்றிக் கட்டிக்கொள்ளும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அப்படித்தான் வாசித்தார்.

பன்னிரண்டு பார் | வெள்ளி, காலை 8.41

ஐயா, ஹெண்ட்ரிக்ஸ் திருப்பிப் பிடித்தது ஸ்ட்ராட்டோகாஸ்டரை. அதில் இரு பக்கமும் வெட்டு உண்டு. புளூஸ் கலைஞர் ஆல்பர்ட் கிங் கம்பியைக்கூட மாற்றாமல் தலைகீழாக வாசித்த ஃப்ளையிங் வி இரு பக்கமும் ஒத்த வடிவுடையது. செல்வம் கேட்பது சிங்கிள் கட். அதைத் திருப்பினால் வெட்டு மேலே போய்விடும், 15-ஆம் ஃபிரெட்டுக்கு (கழுத்தில் பதித்த உலோகப் பட்டிக்கு) அப்பால் விரல் ஏறுவதற்கு உடலின் முழு விளிம்பும் தடையாக நிற்கும். குமிழ்கள் நான்கும் முன்கைக்குக் கீழே வந்து உறுத்தும். நட்டையும், உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜையும் வேறு திருத்த வேண்டும். ஒற்றை வெட்டை விரும்பும் இடக்கையாளருக்கு அந்த வழியே கிடையாது, அதனால்தான் அவர் பதறுகிறார்.

தெம்பனிஸ் மீனா | வெள்ளி, காலை 9.05

இப்போது எனக்குத் தெளிவாகிறது. தலை உடைந்து ஒட்டிய கிட்டாரின் விலை, உடையாததில் பாதிக்கு அருகில் இறங்குவது வழக்கம். இடக்கைக் கிட்டாரின் அருமையையும் கணக்கில் எடுத்தால் 1,600 அநியாயமில்லை, ஆனால் 1,400 வரை பேசிப் பார்க்கலாம். ஃபிரெட் தேய்ந்திருந்தால் அதைச் சரிசெய்யும் செலவுக்கு மீதி வேண்டும். விற்கும்போது ஒட்டின் காரணமாக உங்களுக்கும் விலை குறையும் என்பதால், வைத்து வாசிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

அந்தக் காலத்து ஸ்டாண்டர்டின் பிரிட்ஜ் பக்கத்து பிக்கப் சற்று வலுவான மின்குறிப்பைத் தருவது. 5 வாட் ஆம்ப்பில் அது நன்றாகவே கரகரக்கும். ஒலியளவுக் குமிழை ஆறுக்கு இறக்கிப் புளூஸுக்குத் தெளிவு வருகிறதா என்று உங்கள் ஆம்ப்பையே எடுத்துச் சென்று பாருங்கள். நட்டிலிருந்து ஒட்டுக் கோடு எவ்வளவு நீளம் ஓடுகிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. குட்டையாக இருந்தால், மனம் எவ்வளவு கேட்டாலும், திரும்பி வந்து இடக்கை எபிஃபோனுக்கு முன்பணம் கட்டுங்கள்.

மரமும் தந்தியும் | வெள்ளி, காலை 9.30

திருப்பிப் பிடிக்கச் சொன்னதை நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன். மீனா சொன்னபடி செய்யும். எடையையும் பாரும், நான்கு கிலோவுக்கு மேல் இருந்தால் அகலமான தோள்வார் வேண்டும்.

இடக்கைச் செல்வம் | வெள்ளி, இரவு 10.18

வாங்கிவிட்டேன், 1,450 வெள்ளி. ஒட்டு ஏறக்குறைய ஒரு விரல் நீளம் ஓடுகிறது, நகத்தில் தட்டவில்லை. பழைய உரிமையாளர் நட்டை மாற்றியிருக்கிறார். ஜி கம்பியை இழுத்து வளைத்தால் மட்டும் சுருதி இறங்கிவிடுகிறது. மீனா அக்காவுக்கும் எல்லாருக்கும் நன்றி.

தெம்பனிஸ் மீனா | வெள்ளி, இரவு 10.36

மகிழ்ச்சி. லெஸ் பாலில் ஜி கம்பி நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டாக விலகிப் போகிறது. நட்டின் பள்ளம் குறுகலாக இருந்தால் அங்கே கவ்விக்கொள்ளும். கம்பியை முறுக்கும் டியூனரை மாற்றாதீர்கள். கம்பியைத் தூக்கி, மென்மையான பென்சிலின் கரியைப் பள்ளத்தில் தேய்த்து, மறுபடி சுருதி கூட்டி வளைத்துப் பாருங்கள். டியூனரைத் திருப்பும்போது ‘டிக்’ என்று ஓசை வந்தால் பள்ளத்தைச் சற்று அகலப்படுத்த வேண்டியிருக்கும், தெம்பனிஸுக்குக் கொண்டு வாருங்கள்.

தெம்பனிஸ் மீனா | புதன், இரவு 8.50

செல்வம், கரி தேய்த்துப் பார்த்தீர்களா?