கார்த்தேஜ், சிடி பூ சயீத்: அரை நாள் போதுமா?

கேள்வி:
வணக்கம். துனிசியாவின் தலைநகரான துனிசில் எங்களுக்கு ஒரு முற்பகல் மட்டுமே கிடைக்கிறது. வழிகாட்டியுடன், அருகிலுள்ள பண்டைய நகரமான கார்த்தேஜையும் குன்றின் மேல் அமைந்த சிற்றூரான சிடி பூ சயீத்தையும் பார்த்துவிட முடியுமா? என் தாயாரும் உடன் வருகிறார். அவரால் அதிக தூரம் நடக்க இயலாது.

மறுமொழி 1:
முடியும், ஆனால் எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். கார்த்தேஜ், கி.மு. 146-இல் ரோமானியர் அழித்த நகரின் மேல் பின்னர் அவர்களே எழுப்பிய நகரம் என்பதால், இடிபாடுகள் குடியிருப்புகளுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு வாகனத்திலேயே செல்ல நேரும். கடலோரத்து அன்டோனைன் குளியல் மண்டபத்திற்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். இன்று நாம் காண்பது பெரும்பாலும் அதன் அடித்தளமே என்பதை வழிகாட்டி முன்கூட்டியே விளக்கினால்தான், மேலே நின்றிருந்த கட்டடத்தின் பிரம்மாண்டம் புரியும். பீர்சா குன்றின் சரிவில் ரோமானியருக்கு முந்தைய பியூனிக் (பழைய கார்த்தேஜியரின்) வீடுகளின் சுவர்கள் வெளிப்பட்டுள்ளன. எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

மறுமொழி 2:
தங்கள் தாயாரை எண்ணி ஒன்று சொல்கிறேன். சிடி பூ சயீத்தின் தெருக்கள் கல் பாவிய ஏற்றங்கள். வெயில் ஏறுமுன் அங்கே முதலில் செல்வது நல்லது. கார்த்தேஜின் பல இடங்களுக்கு ஒரே நுழைவுச்சீட்டு செல்லும் என்பதால், அதைத் தொலைக்காமல் வைத்திருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அவ்வாறே வழிகாட்டியிடம் சொல்கிறேன்.