கட்டற்ற மென்பொருள் பராமரிப்பும் உடல்நலமும்: எங்கே நிறுத்திக்கொள்வது?

சத்துவாச்சாரி நிரலர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பாமினி, டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் தட்டச்சு செய்த கோப்புகளை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றும் சிறிய கட்டற்ற கருவி (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம்) ஒன்றை ஆறு ஆண்டுகளாகத் தனியாகப் பராமரித்து வருகிறேன். பகலில் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை. மாலை ஏழரை மணிக்குப் பேருந்தை விட்டு இறங்கி, சாப்பிட்டு, மகள் உறங்கிய பிறகு கணினியைத் திறந்தால், அதை மூடுவதற்கு இரவு ஒன்றரை, இரண்டு ஆகிவிடுகிறது.

இரண்டு மாதங்களுக்கு முன் "கௌரி" என்ற பெயர் "கெளரி" என்று மாறுவதாக ஒருவர் வழு (நிரல் பிழை) பதிந்தார். பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை என்பதால் வரும் பழைய சிக்கல் அது. நள்ளிரவில் அவசரமாக ஒரு விதியை எழுதி, சோதிக்காமல் வெளியிட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் "வெளி" எல்லாம் "வௌி" என்றும், "வெள்ளி" எல்லாம் "வௌ்ளி" என்றும் உடைந்திருந்தன. ஒரு சிற்றிதழ் அந்த மாத இதழை அப்படியே அச்சிட்டுவிட்டது. அந்த ஆசிரியரிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதன்பின் உறக்கம் சரியில்லை. வலது கையில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் இரவில் மரத்துப்போகின்றன. இதற்கிடையே, அறிமுகமில்லாத ஒருவர், "உங்களால் முடியாவிட்டால் முழு உரிமையையும் எனக்குக் கொடுங்கள்" என்று, நிரலை மாற்றி வெளியிடும் அதிகாரத்தையே கேட்டு, வாரந்தோறும் எழுதுகிறார். இந்தக் கருவியை நான் உண்மையாகவே நேசிக்கிறேன். விட்டுவிட்டால் நம்பியிருப்பவர்களுக்குத் துரோகம் செய்தவனாவேனோ என்று அஞ்சுகிறேன். எப்படித் தொடர்வது?

காட்பாடி கணினிப் பொறியாளர்

அண்ணா, முதலில் அந்தக் கடைசிச் செய்தியைப் பற்றிச் சொல்கிறேன். தயவுசெய்து களைப்பில் யாருக்கும் உரிமையைக் கொடுத்துவிடாதீர்கள். 2024 மார்ச் 29 அன்று வெளிச்சத்துக்கு வந்த எக்ஸ்‌இசட் விவகாரம் இப்படித்தான் தொடங்கியது. லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள கோப்புச் சுருக்கக் கருவி அது. ஊதியமின்றி அதைக் கவனித்து வந்த பராமரிப்பாளர், நெடுநாளாக மனநலச் சிக்கல்கள் இருப்பதையும் இது தமக்கு ஊதியமில்லாத பொழுதுபோக்குப் பணி என்பதையும் 2022 ஜூனில் அஞ்சல் குழுவிலேயே எழுதியிருந்தார். அதே காலத்தில் சிலர், வேலை தாமதமாகிறது என்றும் வேறொருவரைச் சேர்க்க வேண்டும் என்றும் அவரைத் தொடர்ந்து நெருக்கினார்கள். ஏற்கெனவே உதவிக்கு வந்திருந்த "ஜியா டான்" என்ற பெயர்கொண்ட கணக்கு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்து, 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் பின்வாசலை, அதாவது வெளியாள் கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழியை, புகுத்தியது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அதைத் துருவிக் கண்டுபிடித்ததால்தான் பெரிய சேதம் தவிர்க்கப்பட்டது.

உங்களுக்கு எழுதுபவர் நல்லவராகவே இருக்கலாம். அப்படியானால் உரிமை இல்லாமலேயே அவர் ஓராண்டு திருத்தங்களை அனுப்பட்டும், நீங்கள் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவசரப்படுத்துபவருக்கு அவசரமாகக் கொடுக்க வேண்டியதில்லை. தனியாளாகப் பராமரிப்பவரின் உறக்கம் பயனர்களின் பாதுகாப்பையும் சேர்ந்தது என்பதால், உங்கள் ஓய்வை நீங்கள் யாரிடமிருந்தோ திருடுவதாக எண்ண வேண்டாம்.

துரோகம் என்ற சொல்லையும் நான் ஏற்கமாட்டேன். எம்‌ஐடி, ஜிபிஎல் ஆகிய இரண்டு கட்டற்ற மென்பொருள் உரிமங்களுமே எந்த உத்தரவாதமும் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் நிரலைத் தருகின்றன. பைத்தான் என்ற நிரல்மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம், ஒரு முன்மொழிவைச் சுற்றி எழுந்த கடும் வாதங்களுக்குப் பிறகு, 2018 ஜூலையில் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார்; வாரிசு எவரையும் அவர் நியமிக்கவில்லை. பங்களிப்பாளர்களே கலந்து பேசி, 2019 தொடக்கத்தில் ஐவர் கொண்ட வழிநடத்தும் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். பைத்தான் இன்றும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

குடியாத்தம் நெசவாளர் மகள்

வணக்கம் அண்ணா. என் அப்பா லுங்கி நெய்பவர். பாவு (தறியில் ஏற்றும் நீள நூல்) வாங்கும்போதே எந்தக் கிழமை துணியைத் தருவேன் என்று முதலாளியிடம் சொல்லிவிடுவார். அதற்கு முன்னால் கேட்டால் தரமாட்டார். அமாவாசையன்று எங்கள் வீட்டில் தறி ஓடாது. வெளிச்சம் குறைந்த பிறகும் நெய்யமாட்டார், ஏனென்றால் அறுந்த இழை அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது, அதைக் கவனிக்காமல் நெய்துவிட்டால் முழத்துக்கு முழம் குறை ஓடிவிடும். உங்கள் "வௌி" வழுவைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. உங்களுக்குத் திறமை குறைவில்லை, அது வெளியிடக்கூடாத நேரம்.

மொழிபெயர்ப்புத் திட்டம் ஒன்றை ஒருங்கிணைப்பவள் என்ற முறையில், நான் செய்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கருவியோடு வரும் அறிமுகக் கோப்பான ரீட்மீயின் தலைப்பகுதியிலேயே, "இதை ஒருவர் தம் ஓய்வு நேரத்தில் பராமரிக்கிறார், சனிக்கிழமை காலையில் மட்டும் வழுக்களைப் பார்ப்பார், புதிய பதிப்பு மாதம் ஒருமுறை வரும்" என்று எழுதிவிடுங்கள். எழுதி வைத்தபிறகு மறுமொழி தராமல் இருப்பதற்கு மனம் குறுகுறுப்பதில்லை, கோபமாக எழுதுபவர்களும் பெரும்பாலும் அடங்கிவிடுகிறார்கள். கைப்பேசியில் வரும் அறிவிப்புகளையும் நிறுத்திவிடுங்கள். பேருந்தில் வரும்போதே அவற்றைப் படித்து மனத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். கூடவே ஒரு சோதனைக் கோப்பையும் திறந்து வையுங்கள். நிரல் எழுதத் தெரியாத தமிழாசிரியர்கூட "மௌனம்", "ஔவை", "தெளிவு" என்று சொற்களைச் சேர்க்கலாம். அந்தச் சொற்கள் சரியாக மாறினால்தான் பதிப்பு வெளியாகும் என்று வைத்துவிட்டால், நள்ளிரவு அச்சம் பாதியாவது குறையும்.

பாகாயம் இயன்முறை மருத்துவர்

விரல்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்துப்போவது, மணிக்கட்டின் வழியே செல்லும் நடுநரம்பு அழுத்தப்படுவதற்கான வழக்கமான அறிகுறி. பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. நீரிழிவு, தைராய்டு குறைபாடு போன்றவற்றோடும் இது வரக்கூடும் என்பதால் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை இரவில் அணிவது தொடக்க நிலையில் பலருக்கு உதவுகிறது. பெருவிரலின் அடிச்சதை மெலியும்வரை தள்ளிப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சதை முழுமையாகத் திரும்புவது கடினம்.

சத்துவாச்சாரி நிரலர்

மூவருக்கும் நன்றி. மருத்துவரைப் பார்த்தேன்; நடுநரம்புதான். ஆறு வாரங்களுக்குப் பட்டை அணியச் சொல்லியிருக்கிறார். உரிமை கேட்டவருக்கு, திருத்தங்களை அனுப்புமாறு மரியாதையாக எழுதினேன். இதுவரை எதுவும் வரவில்லை. ரீட்மீயில் தங்கை சொன்ன வரிகளைச் சேர்த்துவிட்டேன். அந்த வரிகளை வெளியிட்ட அன்று இரவு பத்தரைக்குப் படுத்தேன், ஆனால் உறக்கம் வர நேரமாயிற்று. பழக வேண்டும் போலிருக்கிறது.

சோதனைக் கோப்பில் இப்போது முப்பத்தெட்டுச் சொற்கள் இருக்கின்றன. எகரத்துக்குப் பின் ளகரம் வரும் சொற்கள், குறிப்பாக நம் பக்கத்து ஊர்ப் பெயர்கள், உங்களுக்குத் தோன்றினால் இங்கேயே எழுதுங்கள். சனிக்கிழமை காலையில் சேர்க்கிறேன்.