மாறிலி, மாறாதது, நிலையானது: எதை எங்கே எழுதுவது?

கேள்வி:
ஆங்கிலத்தில் 'கான்ஸ்டன்ட்' எனப்படும் 'மாறிலி' என்ற சொல் எப்படி அமைந்தது? 'நிலையானது' என்றே எழுதினால் என்ன குறை? வேதியியலில் வினையின் வேகத்தைச் செறிவோடு இணைக்கும் வேக மாறிலி வெப்பநிலையோடு மாறுகிறதே, அதற்கு இந்தப் பெயர் பொருந்துமா? நிரலாக்கத்திலும் எல்லா இடத்திலும் இதையே போடலாமா?

பதில் 1:
மாறு + இலி. 'மாறு' குற்றியலுகரம், உயிர் வந்ததும் உகரம் கெட்டு 'மாறிலி' ஆகிறது. இல்லாததைக் குறிக்கும் 'இலி' அறிவிலி, முடிவிலி ஆகியவற்றிலும் உண்டு.

எக்காலத்திலும் மாறாதது என்று எடுத்துக்கொள்வதால்தான் குழப்பம். எதைப் பொறுத்து மாறாதது என்று கேட்க வேண்டும். வேக மாறிலி செறிவைப் பொறுத்து மாறாது. வெப்பநிலையைப் பொறுத்து மாறும். ஆகவே வெப்பநிலையைக் குறிக்காமல் அதன் மதிப்பை மட்டும் எழுதுவது வீண். சுருள்வில்லை ஓரலகு நீட்டத் தேவையான விசையான சுருள்வில் மாறிலியும் வில்லுக்கு வில் வேறு. விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பும் மீட்சி எல்லைக்குள் இழுக்கும்வரைதான் அது மாறிலி. கணிதத்தில், எந்த மதிப்பையும் ஏற்கக்கூடிய 'மாறத்தக்க மாறிலி' என்றே ஒன்று இருக்கிறது! கேட்கச் சிரிப்பு வரும், ஆனால் பொருள் சரி.

எங்கும் ஒரே மதிப்புடையவை தனி வகை. பிளாங்க் மாறிலி 6.62607015 × 10⁻³⁴ ஜூல் விநாடி. 2019 மே 20 முதல் இது அளந்து பெறும் எண் அல்ல, கிலோகிராமை வரையறுக்க நிர்ணயித்த எண். ஈர்ப்பு மாறிலியை இன்றும் அளந்துதான் அறிகிறோம். அதைப் புவியீர்ப்பு முடுக்கத்தோடு குழப்பாதீர்கள்: முடுக்கம் நிலநடுக்கோட்டில் சுமார் 9.78 மீ/வி², துருவங்களில் 9.83 மீ/வி².

'நிலையான' என்பதற்கு வேறு வேலை. நிலை மின்னியலில் மின்னூட்டம் ஓடாமல் இருப்பது, நிலையான சமநிலையில் குலைந்தாலும் பழைய இடத்துக்குத் திரும்புவது. இரண்டுமே மாறிலி அல்ல.

பதில் 2:
ஒற்று விஷயத்தில் பலர் தவறுகிறார்கள். 'மாறா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வலி மிகும் (அடுத்து வரும் வல்லினத்தின் ஒற்று சேரும்): மாறாத் தன்மை. 'மாறாத' என்றால் மிகாது: மாறாத தன்மை. 'மாறிலிச் சார்பு' என்பதில் ச் வேண்டும்.

பதில் 3:
நிரலாக்கத்தில் இரண்டு கருத்துகள் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 'கான்ஸ்ட்' என்ற சொல்லைப் போட்டு ஓர் அணியை (மதிப்புகளின் வரிசையை) அறிவித்தால், அந்தப் பெயருக்கு வேறு அணியை மறுபடி ஒதுக்க முடியாது. அணிக்குள் புது உறுப்பைச் சேர்க்கத் தடையில்லை. இதற்கு 'மாறிலி' போதும். பைத்தான் மொழியில் 'டூப்பிள்' என்ற மதிப்பு வரிசை நேர்மாறு: உறுப்புகளை மாற்ற முடியாது, ஆனால் பெயரை வேறொன்றுக்குத் தரலாம். இதை 'மாற்றவியலாத பொருள்' என்று எழுதுங்கள். இரண்டுக்கும் 'மாறிலி' என்று போட்டால், படிப்பவர் 'கான்ஸ்ட்' அணியின் உள்ளடக்கமும் பூட்டப்பட்டது என்று நம்பிவிடுவார். பிழை அங்கேதான் புகும்.