புதுப்பிப்பு: மியூசிக் பாக்ஸ் எல்பி பட்டியலில் இரண்டு திருத்தங்கள்

என்னிடமுள்ள பழைய மியூசிக் பாக்ஸ் எல்பிகளை (சாவி கொடுத்தால் தானாக வாசிக்கும் இசைப் பெட்டிகளின் ஒலியைப் பதிந்த இசைத்தட்டுகள்) பட்டியல் போடுவதைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். அதில், அமெரிக்காவில் அச்சான ஒன்றும் இங்கிலாந்தில் அச்சான ஒன்றும் வேறு வேறு பதிவுகள் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். தப்பு.

அட்டை, லேபிள், விற்பனை எண் எல்லாமே வேறுதான். ஆனால் ஹெட்ஃபோனில் அடுத்தடுத்துக் கேட்டால், மூன்றாவது பாட்டில் இரண்டிலும் அதே ஒரு சுரம் விழவே இல்லை. வாசித்த பெட்டியின் சீப்பில் (சுரங்களை எழுப்பும் உலோகப் பற்களின் வரிசை) ஒரு பல் போயிருக்க வேண்டும். கடைசியில் ஸ்பிரிங் தளர்ந்து வேகம் குறைவதும் ஒரே இடத்தில்தான். அப்புறம் டார்ச் அடித்து, லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியைப் பார்த்தேன். அங்கே கீறியிருந்த மேட்ரிக்ஸ் எண்ணும் (எந்த மூல அச்சிலிருந்து வந்தது என்று காட்டும் எண்) அதே. எல்பியை அச்சிடும் உலோக அச்சு கடல் தாண்டிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று. அட்டையில் 'பாலிஃபோன் தட்டு' (பெட்டிக்குள் சுழன்று பாட்டை வாசிக்க வைக்கும் உலோகத் தட்டு) என்றிருந்ததால், பெட்டியும் பாலிஃபோன் நிறுவனம் இருந்த ஜெர்மனியின் லைப்சிக்கில் செய்தது என்று குறித்துவிட்டேன். அதுவும் நிற்காது. பாலிஃபோனின் 15½ அங்குலத் தட்டு, அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ராவேயில் செய்த ரெஜினா நிறுவனப் பெட்டியிலும் ஓடும். பாலிஃபோனைத் தொடங்கியவர்களில் ஒருவரான குஸ்டாவ் பிராக்ஹவுசன்தானே அமெரிக்கா போய் ரெஜினாவையும் தொடங்கினார்!

ஆகவே தட்டு, பெட்டி, ஒலிப்பதிவு, அச்சான நாடு நாலுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டுவிட்டேன். சலிப்பான வேலைதான். 41 எல்பிகளில் 12 முடிந்திருக்கிறது.