கீரையில் எலுமிச்சை எப்போது பிழிய வேண்டும்?

மதுரைக்காரி:
மகளுக்கு 14 வயது. ஹீமோகுளோபின் 9.8தான் இருக்கிறது. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, சாப்பாட்டில் வைட்டமின் சி இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொன்னார். முருங்கைக்கீரைப் பொரியலும் கேழ்வரகு அடையும் அடிக்கடி செய்கிறேன். கீரை வேகும்போதே எலுமிச்சைச் சாறு ஊற்றலாமா? கொதித்தால் சத்து போய்விடும் என்கிறார் மாமியார். தினமும் ஆரஞ்சு வாங்கக் கட்டுப்படியாகாது.

டயட் அக்கா:
மாமியார் சொல்வது சரிதான் தங்கச்சி. வைட்டமின் சி சூட்டில் சிதையும், தண்ணீரிலும் கரைந்து போகும். பொரியலைத் தட்டில் வைத்தபின் அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்து, சோற்றோடு பிசைந்து சாப்பிடச் சொல்லுங்கள்.

கீரை, கேழ்வரகில் உள்ள இரும்பு ஈரலில் இருப்பதைப்போலச் சுலபமாக உடம்பில் சேராது. அதைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும்படி மாற்றித் தருவது வைட்டமின் சி. ஆனால் இரண்டும் ஒரே வேளையில் வயிற்றுக்குள் போக வேண்டும். காலையில் ஜூஸ் குடித்துவிட்டு மத்தியானம் கீரை சாப்பிட்டால் இந்த உதவி கிடைக்காது. நான் பார்க்கும் பல வீடுகளில் இந்த ஒரு விஷயம்தான் விட்டுப்போகிறது, மனசு கேட்கவே மாட்டேன் என்கிறது.

ஆரஞ்சு வேண்டவே வேண்டாம். 100 கிராம் ஆரஞ்சில் வைட்டமின் சி 50 மில்லிகிராம் போல இருக்கும், அதே அளவு கொய்யாவில் 200க்கு மேல். வளர்ந்த பெண்களுக்கே ஒரு நாளைக்கு 65 மில்லிகிராம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 2020 கணக்கு. தள்ளுவண்டியில் விற்கிற கொய்யாவில் ஒன்றை நறுக்கி, உப்பு மிளகாய்த்தூள் தூவி, சாப்பாட்டோடேயே கொடுங்கள்.

அப்புறம், சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். டீயில் உள்ள டானின் இரும்பைச் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது போகட்டும்.

கோவை அப்பா:
சப்பிச் சாப்பிடும் 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையை என் பையன் மிட்டாய் மாதிரி தின்கிறான். பரவாயில்லையா?

டயட் அக்கா:
வேண்டாம் அண்ணா, டப்பாவை எடுத்து ஒளித்து வையுங்கள். தேவைக்கு மிஞ்சியது பெரும்பாலும் சிறுநீரில்தான் போகும். அளவு கூடினால் வயிற்றுப்போக்கு வரும், சிலருக்குச் சிறுநீரகக் கல்லும் வரலாம்.

மதுரைக்காரி:
நன்றி அக்கா. இரும்பு மாத்திரையைப் பாலோடு கொடுக்கலாமா? வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்கிறாள்.

டயட் அக்கா:
பால் வேண்டாம், அதில் உள்ள கால்சியமும் இரும்பைத் தடுக்கும். சாப்பிட்டபின் தண்ணீரோடு விழுங்கட்டும். அப்போதும் குமட்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மாத்திரை மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.